ஹெச்.டி. முத்திரை போட்ட பேக்கிங் மரம்: கரையான் வராதா?

கொருக்குப்பேட்டை பலகை · ஜூலை 6, இரவு 9.40

மணலி பக்கம் பழைய பேலட் (சரக்கு அடுக்குற மரத்தட்டு) விக்கிற இடத்துல வெள்ளை மரம் நல்லா கெடைக்குது. ஜெர்மனியில இருந்து மெஷின் வந்த பொட்டியாம். பலகையில கதிர் மாதிரி ஒரு முத்திரை, டி.இ.ன்னு எழுத்து, பக்கத்துல ஹெச்.டி. "ட்ரீட்மென்ட் பண்ண மரம், கரையான் கிட்டயே வராது, இமயமலை பைன்"னு சொல்றார் கடைக்காரர். வீட்டுக்கு ஷெல்ஃப், மாடியில 500 லிட்டர் டேங்குக்கு ஸ்டாண்டு, ரெண்டும் அடிக்கலாமா?

இழையோட்டம் · ஜூலை 6, இரவு 11.05

ஷெல்ஃபுக்கு எடுங்க தம்பி. டேங்க் ஸ்டாண்டுக்கு வேண்டவே வேண்டாம். கரையான் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தவறு.

ஹெச்.டி. என்பது சூடாக்கியதற்கான குறி. ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி, தொடர்ந்து 30 நிமிடம் அதே சூட்டில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே இருந்த புழுவும் பைன் மர நூற்புழுவும் சாகும். அவ்வளவுதான். மருந்து எதுவும் உள்ளே போகவில்லை, மரமும் மாறவில்லை. மறுநாளே அந்தப் பலகையை ஈர மண்ணில் வைத்தால் கரையான் தின்னும்.

இந்த விதி மரத்தைக் காப்பாற்ற வந்ததில்லை, காடுகளைக் காப்பாற்ற வந்தது. 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீளக்கொம்பு வண்டு மரங்களைத் துளைப்பதைக் கண்டுபிடித்தார்கள். பேக்கிங் மரத்தில் ஒளிந்து வந்தது அது. அதுபோன்ற சம்பவங்களுக்குப் பிறகு 2002-ல் வந்ததுதான் இந்த விதி.

டி.இ. என்றால் அந்தப் பொட்டிக்கு முத்திரை கொடுத்த நாடு ஜெர்மனி. மரமும் அங்கேதான் வளர்ந்தது என்று அர்த்தமில்லை. ஹெச்.டி. இருக்கும் இடத்தில் எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. வாயு பறந்துவிடும் என்றாலும் சமையலறைக்கும் குழந்தைத் தொட்டிலுக்கும் அந்த மரத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இழையோட்டம் · ஜூலை 7, காலை 7.20

இது பைனா, ஸ்ப்ரூஸா? நம் கடைகளில் வெள்ளையாக, லேசாக இருக்கும் எல்லா ஊசியிலை மரத்துக்கும் "பைன்" என்றே பெயர். ஐரோப்பிய பொட்டியில் பெரும்பாலும் நார்வே ஸ்ப்ரூஸ் இருக்கும். பார்க்கும் முறை இது: பலகையின் வெட்டு முனையை உளியால் சுத்தமாகச் சீவி, தண்ணீர் தடவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பைனில் வைரம், அதாவது மரத்தின் உட்பகுதி, செம்பழுப்பாகத் தனித்துத் தெரியும், பிசின் வாசனை தூக்கும், பிசின் குழாய்கள் புள்ளிபுள்ளியாக நிறைய இருக்கும். ஸ்ப்ரூஸில் வைரத்துக்கும் அதைச் சுற்றிய வெளிப்பகுதியான வெள்ளைக்கும் நிற வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, பிசின் குழாய் சின்னதாக, அரிதாக இருக்கும். ஃபிர் மரத்தில் பிசின் குழாயே கிடையாது. கறுத்த, வட்டமான, தட்டினால் கழன்று விழும் சின்னக் கணுக்கள் வரிசையாக இருந்தால் அநேகமாக ஸ்ப்ரூஸ்தான்.

லார்ச்சையும் ஸ்ப்ரூஸையும் மட்டும் மைக்ரோஸ்கோப்பிலும் பிரிப்பது கஷ்டம். ஷெல்ஃப் அடிப்பவருக்கு அந்தக் கவலை வேண்டாம். லார்ச்சின் வைரம் செம்பழுப்பு, கண்ணாலேயே தெரியும்.

மாதவரம் டிப்போ · ஜூலை 7, மதியம் 1.15

பேலட் ரிப்பேர் தொழிலில் இருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். முத்திரை ஒரு கட்டையில் இருக்கிறது என்பதற்காக மொத்த பேலட்டும் அதே மரம் என்று நம்ப வேண்டாம். உடைந்த பலகைக்குப் பதில் உள்ளூர் ரப்பர் மரமோ மாமரமோ அடித்திருப்பார்கள். விதிப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் பழைய முத்திரையை அழித்து, மறுபடி சூடாக்கி, புது முத்திரை போட வேண்டும். உள்ளூர் சுற்றில் ஓடும் பேலட்டுக்கு யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இழையோட்டம் · ஜூலை 7, இரவு 10.30

டிப்போ அண்ணன் சொன்னது முக்கியம். ரப்பர் மரம், மாமரத்தின் வெள்ளையில்தான் உளுப்பு வண்டு முட்டையிடும். தண்ணீர் ஏறும் அகலமான குழாய்த் துளைகளும் மாவுச்சத்தும் அதற்கு வேண்டும். ஸ்ப்ரூஸில் அந்தக் குழாய்களே கிடையாது, அதனால் அந்த வண்டு ஸ்ப்ரூஸைத் தொடாது. பலகைக்குக் கீழே முகப்பவுடர் போல நைசாகத் தூள் கொட்டினால் அது கலந்து அடித்த உள்ளூர் மரம். அந்த ஒரு பலகையைக் கழற்றி வெளியே எறிந்துவிடுங்கள்.

வாங்கும்போது மணலி, எண்ணூர்ப் பக்கத்து பேலட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரசாயன டிரம் நின்ற பேலட்டாக இருக்கலாம். வட்டமான கறை, எண்ணெய்ப் பிசுக்கு, காரநெடி இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடு வரை வந்தது. அதில் ஊறிய மரம் இன்னும் சுற்றில் இருந்தால், மேலே இழைத்து எடுத்தாலும் வெட்டு முனை வழியாக உள்ளே போன எண்ணெய் போகாது.

கொருக்குப்பேட்டை பலகை · ஜூலை 8, காலை 8.10

சரிண்ணே. கரையான் மருந்து நானே அடிச்சா? பெயின்ட் கடையில கெடைக்கிற மருந்து ரெண்டு கோட்டு?

இழையோட்டம் · ஜூலை 8, இரவு 9.50

மேலே பூசினால் மேலேதான் நிற்கும். காரணம் அந்த மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

ஸ்ப்ரூஸின் உள்ளே தண்ணீர் போவது 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள, இரண்டு பக்கமும் மூடிய நுண்குழல்கள் வழியாக. ஒரு குழலிலிருந்து அடுத்ததற்குப் போக, பக்கச்சுவரில் வட்டமான சிறு வாசல்கள் உண்டு. வாசலின் நடுவில் மெல்லிய இழைகளில் தொங்கும் ஒரு தட்டு. மரம் காயும்போது தண்ணீரின் இழுவிசை அந்தத் தட்டை ஒரு பக்கமாக இழுத்து வாசலோடு ஒட்டவைத்துவிடும், அடிபம்பின் உள்ளே தோல் வாசர் உட்கார்ந்து தண்ணீரைத் தடுப்பதுபோல. காய்ந்தபின் திரும்ப ஈரமாக்கினாலும் பெரும்பாலும் திறக்காது. அதனால்தான் ஐரோப்பிய தரநிலையில் ஸ்ப்ரூஸ் மருந்து ஏற்ற மிகக் கடினமான மரங்களின் வரிசையில் இருக்கிறது. அழுத்தக் கலத்தில் வைத்து அழுத்தினாலும் பக்கவாட்டில் சில மில்லிமீட்டர்தான் போகும். அழுகலைத் தாங்கும் திறனும் குறைவு: ஐந்து வகுப்பில் நான்காவது.

உங்கள் டேங்க் ஸ்டாண்டுக்கு நான் தடை சொன்னது இதனால்தான். 500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 500 கிலோ, மேலே எப்போதும் கசிவு, மழை. இணைப்புக்குள் தேங்கும் ஈரம் காய வழியில்லை. 20 சதவீத ஈரத்துக்கு மேல் நின்றால் பூசணம் பிடிக்கும், அழுகல் உள்ளேயே ஆரம்பிக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும். இரும்பு ஆங்கிளில் அடியுங்கள்.

இழையோட்டம் · ஜூலை 9, காலை 6.45

வீட்டுக்குள் வைக்கும் ஷெல்ஃபுக்கு போரான் உப்பு ஒன்று வேலை செய்யும். அது வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்காது. நுண்குழலின் சுவரில் இருக்கும் ஈரத்தின் வழியே ஊடுருவும். அதனால் மரம் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த பலகைக்குப் பிரஷ்ஷால் அடித்தால் பலனில்லை.

10 லிட்டர் வெந்நீரில் 400 கிராம் போரிக் அமிலம், 600 கிராம் போராக்ஸ். தனித்தனியே கரைவதைவிட இரண்டும் சேர்ந்தால் அதிகம் கரையும். முதலில் எல்லா ரம்ப வேலையையும், துளையையும் முடித்துவிடுங்கள். பின்னால் வெட்டினால் மருந்தில்லாத முகம் வெளியே வரும். பலகைகளை ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு சூடான கரைசலில் முக்கி, அதிலேயே ஆற விடுங்கள். எடுத்து, இடைவெளி இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். உப்பு உள்ளே நகர்வது அந்த இரண்டு வாரத்தில்தான். அதன்பிறகு ரீப்பர் கொடுத்து இடைவெளிவிட்டு அடுக்கி, காற்றோட்டத்தில் காயவிடுங்கள்.

கையுறை போடுங்கள். கழிவுநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், செடி கருகும். மழை படும் இடத்தில் இந்த உப்பு கரைந்து வெளியேறிவிடும். காய்கறி வெட்டும் பலகைக்கு இது கூடாது.

இழையோட்டம் · ஜூலை 9, இரவு 10.15

"சில மில்லிமீட்டர்தான்" என்று நேற்று எழுதியது பக்கவாட்டுக்கு. வெட்டு முனையில் குழல்கள் நேராகத் திறந்திருப்பதால் பல மடங்கு ஆழம் போகும். அதனால் கரைசலில் முனைகள் கட்டாயம் மூழ்க வேண்டும். கரையானும் ஈரமும் முதலில் நுழைவதும் அதே முனைகளில்தான்.

இன்னொரு விதிவிலக்கு: நீலக் கறை படிந்த பலகை. அந்தப் பூஞ்சை, வாசல்களைத் துளைத்துக்கொண்டு போவதால் அந்த வெள்ளைப் பகுதி தண்ணீரையும் மருந்தையும் நன்றாகக் குடிக்கும். ஒரே பலகையில் ஒரு பாதி குடிக்கும், மறுபாதி குடிக்காது. வார்னிஷ் திட்டுத் திட்டாகத் தெரிவதும் இதனால்.

வியாசர்பாடி 39 · ஜூலை 10, மாலை 6.00

நீலக் கறை இருந்தா பூச்சி அடிச்சு செத்த மரம்தானே? பலம் இருக்குமா? ஐரோப்பாவுல காடே செத்துப் போச்சுன்னு படிச்சேன், அந்த மரம்தான் இங்க தள்ளுறாங்களா?

இழையோட்டம் · ஜூலை 11, இரவு 11.30

பலம் இருக்கும். நீலக் கறைப் பூஞ்சை செல்லுக்குள் இருக்கும் சர்க்கரை, மாவுச்சத்தைத் தின்னும், சுவரைத் தின்னாது. வளைதிறனில் பெரிய வித்தியாசம் வராது. திடீர் அடியைத் தாங்கும் திறன் கொஞ்சம் குறையும். ஷெல்ஃபுக்கு ஒன்றுமில்லை. அறுவை மில்லில் தாமதமாகிக் கிடந்த நல்ல மரத்திலும் நீலக் கறை வரும், எனவே கறையைப் பார்த்து மரம் செத்த கதையைச் சொல்லிவிட முடியாது.

மற்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐப்ஸ் டைப்போகிராஃபஸ் என்ற பட்டை வண்டு 4 முதல் 5.5 மில்லிமீட்டர் நீளம். ஆண் முதலில் பட்டையைத் துளைத்து உள்ளே ஓர் அறை செய்து, வாசனை விடும். அந்த வாசனைக்குப் பெண்களும் மற்ற ஆண்களும் கூடும். பெண் மரத்தின் நீளவாக்கில் மேலும் கீழும் சுரங்கம் போட்டு இருபுறமும் முட்டையிடும். புழு தின்பது உள்பட்டையை; பலகையாகும் கட்டையை அல்ல. ஆனால் இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் வழியே அந்த உள்பட்டைதான், அதனால் மரம் சாகிறது. கூடவே வண்டு சுமந்து வரும் நீலப் பூஞ்சை தண்ணீர் ஏறும் வெள்ளையை அடைக்கிறது.

நலமாக இருக்கும் மரம் பிசினைக் கொட்டி வண்டைத் தள்ளிவிடும். தண்ணீர் இல்லாத மரத்தால் அது முடியாது. சாதாரண ஆண்டில் வண்டு புயலில் சாய்ந்த மரங்களில் மட்டும் பிழைக்கும். 2018-ல் மத்திய ஐரோப்பாவில் வறட்சி வந்தபோது நின்ற மரங்களும் எதிர்க்க முடியாமல் போயின. வெப்பத்தால் வண்டுக்கு ஒரே ஆண்டில் கூடுதல் தலைமுறைக்கும் நேரம் கிடைத்தது. செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் அடி பலமாக விழுந்தது. அந்தச் சமயம் சந்தையில் மரம் குவிந்து விலை சரிந்தது உண்மை. பேக்கிங்குக்கு அது நிறையப் போனதும் உண்மை. ஆனால் பேக்கிங்குக்கு எப்போதுமே கடைசித் தரம்தான் போகும், வண்டு வந்தாலும் வராவிட்டாலும்.

வண்டை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்ப்ரூஸின் இயல்பான இடம் குளிர்ந்த மலையும் வடக்கும். 18, 19-ம் நூற்றாண்டுகளில் விறகுக்கும் சுரங்கத்துக்கும் காட்டை மொட்டையடித்துவிட்டு, சீக்கிரம் வளரும், நேராக வளரும் என்று தாழ்நிலங்களிலும் ஸ்ப்ரூஸை மட்டும் வரிசையாக நட்டார்கள். ஒரே வயது, ஒரே இனம், மேலோட்டமான வேர். காற்று அடித்தால் கூட்டமாகச் சாயும், வறட்சி வந்தால் கூட்டமாகத் தாகம் எடுக்கும். 2005 ஜனவரியில் கூட்ருன் புயல் தெற்கு ஸ்வீடனில் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது, பெரும்பகுதி ஸ்ப்ரூஸ். இப்போது அங்கெல்லாம் பீச், ஃபிர், ஓக் கலந்து நடச் சொல்கிறார்கள். இந்த மரத்தை அதற்குப் பொருந்தாத மண்ணில் வைத்து வீணாக்கிவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இழையோட்டம் · ஜூலை 12, காலை 7.00

வண்டு வந்த காட்டில் என்ன செய்வார்கள் என்பதை விட்டுவிட்டேன். அடிமரத்திலும் அங்குள்ள சிலந்தி வலையிலும் பழுப்புத் தூள் இருக்கிறதா என்று ஆள் நடந்து பார்ப்பார்கள். இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். இலை சிவந்தபின் பார்த்தால் வண்டு அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். முட்டையிலிருந்து வண்டாக வெயிலுக்கு ஏற்ப ஆறு முதல் பத்து வாரம். அதற்குள் வெட்டி, பட்டை உரிக்க வேண்டும், அல்லது ஸ்ப்ரூஸ் காட்டிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் கொண்டு போக வேண்டும். பட்டைக்கடியில் புழுவாக இருக்கும்போது உரித்தால் காய்ந்து சாகும். வண்டாக முதிர்ந்தபின் உரித்தால் பறந்துவிடும், உரித்த உழைப்பும் வீண்.

பவேரியக் காடு தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் மட்டும் வெட்டாமலே விட்டார்கள். 1990-களில் மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறமாகி நின்றது, ஊர் மக்கள் கொதித்தார்கள். ஆனால் விழுந்து மக்கும் கட்டைகளின் மேலேயே இளம் ஸ்ப்ரூஸ் தானாக முளைத்து, ரோவன் மரத்தோடு கலந்து எழுந்தது. உயரமான அந்தச் சரிவு அதற்கு உரிய இடம் என்பதால் அது நடந்தது. தாழ்நிலத் தோட்டத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மாதவரம் டிப்போ · ஜூலை 12, மதியம் 2.40

புயலில் அவ்வளவு மரம் ஒரே நாளில் விழுந்தால் எங்கே வைத்தார்கள்? நம் ஊர் யார்டில் ரெண்டு மாசம் கிடந்தாலே போச்சு.

இழையோட்டம் · ஜூலை 12, இரவு 9.20

பட்டையோடு மலைபோல அடுக்கி, மேலே ஸ்பிரிங்ளரில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்கள் அண்ணே. கட்டை முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தால் காற்றில்லை. பூஞ்சை வளராது, வண்டும் பிழைக்காது. பல வருடம் தாங்கும்.

ஆனால் தண்ணீரில் கிடக்கும்போது பாக்டீரியா உள்ளே போய் வெள்ளைப் பகுதியில் நான் சொன்ன வாசல் தட்டுகளைத் தின்றுவிடுகிறது. பலம் அப்படியே இருக்கும், மருந்தோ சாயமோ கேட்டால் தாறுமாறாகக் குடிக்கும். இதையே வேண்டுமென்று செய்யப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் ஃபிரான்சிஸ் ஷ்வார்ஸே ஃபிசிஸ்போரினஸ் விட்ரியஸ் என்ற பூஞ்சையை ஸ்ப்ரூஸில் அளவோடு வளரவிட்டு வாசல்களைத் திறந்தார். மரம் லேசாகி, நாதம் கூடியது; அந்த மரத்தில் வயலினும் செய்தார்கள்.

ராயபுரம் ஸ்ட்ரைக்கர் · ஜூலை 13, இரவு 8.00

வயலின் மேல்பலகை ஸ்ப்ரூஸ்தான்னு தெரியும். அப்போ இந்தப் பொட்டி மரத்துல வயலினும் ஆவாது, சரி. கேரம் போர்டு சட்டம் அடிக்கலாமா? எங்க கிளப்புக்கு நாலு போர்டு சட்டம் மாத்தணும்.

இழையோட்டம் · ஜூலை 13, இரவு 10.40

சட்டத்துக்கு வேண்டாம். ஜான்கா கடினத்தில் (இரும்புக் குண்டை மரத்தில் அழுத்தி அளப்பது) நார்வே ஸ்ப்ரூஸ் ஏறத்தாழ 1,700 நியூட்டன், தேக்கு 4,700 பக்கம். ஸ்ட்ரைக்கர் படும் இடமெல்லாம் பள்ளம் விழும், ரிபவுண்டு செத்துவிடும். அதிலும் ஓர் ஆண்டு வளையத்துக்குள்ளேயே இளவேனில் பகுதி மெத்து, கோடைப் பகுதி கெட்டி என்பதால் அடி ஒரே சீராகத் திரும்பாது. கருவேலமோ ரோஸ்வுட்டோ போடுங்கள்.

வயலினுக்கு ஏன் ஆகாது என்றால்: அதற்குக் கணுவே இல்லாமல், ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு வளையமாக நெருக்கமாக, ஆரவாக்கில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) பிளந்த பலகை வேண்டும். ஸ்ப்ரூஸில் வளையம் அகலமானால் மெத்தான பகுதிதான் கூடுகிறது, கெட்டியான பகுதி கூடுவதில்லை, அடர்த்தி குறையும். ஓக்கில் இது தலைகீழ். பேக்கிங் மரத்தில் வளையம் 5, 6 மில்லிமீட்டர் வரை போகும். இத்தாலிய வயலின் ஆசாரி ஸ்ட்ராடிவாரியின் 'மெசையா' வயலினில் ஆராய்ச்சியாளர்கள் வளையத்தை எண்ணி, கடைசி வளையம் 1687 என்று கண்டார்கள். 1645 முதல் 1715 வரை சூரியப்புள்ளிகள் குறைந்து, ஐரோப்பா குளிர்ந்திருந்த காலம். அந்தக் குளிரில் மரம் மெதுவாக வளர்ந்ததுதான் அந்த நாதத்துக்குக் காரணம் என்று 2003-ல் ஒரு கருத்து வைத்தார்கள். அதே மரத்தை அதே காலத்தில் மற்ற ஆசாரிகளும் வாங்கினார்கள் என்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

இழையோட்டம் · ஜூலை 14, காலை 6.30

கடைக்காரரின் "இமயமலை" பாக்கி நிற்கிறது. அங்கேயும் ஸ்ப்ரூஸ் உண்டு: பீசியா ஸ்மித்தியானா, இமாசலத்தில் 'ராய்'. ஃபிர் மரத்தோடு கலந்து வளரும், ஆப்பிள் பெட்டிக்கு இரண்டும் போனது. 1996 டிசம்பர் 12 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு ஏற்ற வேலைத்திட்டம் இல்லாமல் காட்டில் வெட்ட முடியாது. தடித்த இலைக்குப்பை, களை, மேய்ச்சலால் அங்கே தானாக முளைப்பதும் சிரமம். டி.இ. முத்திரைப் பொட்டியில் அந்த மரம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கொருக்குப்பேட்டை பலகை · ஜூலை 15, இரவு 9.15

பலகை வாங்கிட்டேன், ஹெச்.டி. போட்டது. 22 மி.மீ. தடிப்பு, 145 அகலம். ரெண்டு பலகை ஒட்டி ஒரு தட்டு. நாலடி நீளம் ஒரே தட்டா வைக்கலாமா? ஆணி பிடுங்கும்போது பாதி பலகை வாய் பிளக்குது.

இழையோட்டம் · ஜூலை 15, இரவு 11.10

கடப்பாரையால் நெம்பாதீர்கள். பேலட் ஆணிக்கு உடம்பெல்லாம் முறுக்கு, மரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வரும். இரும்பு வெட்டும் பிளேடைப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள்; தலைப்பக்கத் துண்டைப் பின்னாலிருந்து தட்டினால் வந்துவிடும். இழைக்கும் முன் காந்தம் வைத்துத் தேடுங்கள். ஒடிந்த ஆணி ஒன்று போதும், இழைப்புளி வாய் போய்விடும்.

இழைத்தால் 20 மி.மீ. நிற்கும். இரண்டு ஒட்டினால் 280 அகலம். 900 மி.மீ. இடைவெளியில் 35 கிலோ புத்தகம் பரப்பி வைத்தால் நடுவில் 1.8 மி.மீ. தாழும். அதே நெருக்கத்தில் 1,200-க்கு 5.6 மி.மீ. இது முதல் நாள் கணக்கு. மழைக்காலம், வெயில்காலம் என்று ஈரம் ஏறி இறங்கும்போது மரம் மெல்ல மெல்லத் தாழ்ந்து இரண்டு மடங்காகும். மூன்றடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள். நாலடி வேண்டும் என்றால் முன்விளிம்பில் 20-க்கு 40 ரீப்பரை நட்டுக்குத்தாகப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு ஒட்டுங்கள், அந்தப் பக்கம் வளைவு பாதியைவிடக் குறைந்துவிடும். பின்விளிம்புக்குச் சுவரில் ஒரு ரீப்பர்.

ஒட்டுவதற்கு முன் பலகையை வீட்டுக்குள் ரீப்பர் கொடுத்து இரண்டு மூன்று வாரம் அடுக்குங்கள். சென்னைக் காற்றில் மரம் 12 முதல் 16 சதவீத ஈரத்தில் நிலைக்கும், ஏ.சி. அறையில் 10. தட்டையாக அறுத்த 145 பலகை 10-லிருந்து 15-க்கு ஏறினால் அகலம் 2 மி.மீ. கூடும், நீளத்தில் மாற்றம் கிட்டத்தட்ட இருக்காது. அதனால் பக்கப்பலகைக்குள் இறுக்கி அடைக்காமல் பின்னால் ஒரு ஐந்து மி.மீ. விடுங்கள். செம்பழுப்பு நிறத்தில் ஒரு பக்கம் மட்டும் வளையம் தடித்த பலகை இருந்தால் ஒதுக்குங்கள், சாய்ந்து வளர்ந்த மரம் அது, நீளவாக்கிலும் சுருங்கி வில்லாக வளையும். ஸ்க்ரூவுக்கு முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளி, துளை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கடல் காற்று இருப்பதால் துத்தநாகம் பூசியதோ ஸ்டெயின்லெஸ்ஸோ வாங்குங்கள், சாதாரண ஸ்க்ரூவைச் சுற்றி ஒரே மழைக்காலத்தில் கறுப்பு வளையம் வந்துவிடும்.